கஞ்சியும் கண்ணாடியும்

என் அம்மாவைப் பெற்ற அம்மாயி இறந்த அன்றைக்கு, மாட்டி வைக்க வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை. வெண்ணந்தூரில் தறிக்குழியில் கால் வைத்து ஐம்பது வருடம் நெய்தவர். தனியாக நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. மாமா ஒரு கல்யாண ஆல்பத்தைப் புரட்டி, பந்தியில் உட்கார்ந்திருந்த அம்மாயியைத் தேடிப் பிடித்தார். பக்கத்து ஊர் ஸ்டுடியோவில் அந்த முகத்தை மட்டும் வெட்டியெடுத்தார்கள். பின்னால் நீல வானம் வைத்து, இங்க்ஜெட் பிரிண்டரில் 12-க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டு, பிரேமும் போட்டுக் கொடுத்தார்கள். மதியம் ஒரு மணிக்குக் கேட்ட படம் நாலு மணிக்கு மாலையோடு திண்ணையில் நின்றது.

அது ஐப்பசி மாதம். கார்த்திகை பிறப்பதற்குள் கண்ணாடியின் உள்பக்கம் பனி படர்ந்ததுபோல மங்கியது. அடுத்த மழைக்காலத்தில் வலது கன்னத்தில் எண்ணெய் பட்டதுபோல ஒரு திட்டு தெரிந்தது. அதற்கும் அடுத்த வருடம், வேறு பிரேம் போடலாம் என்று கழற்றினோம். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. மெல்ல இழுத்தபோது கன்னம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது, கையில் வந்த படத்தில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, “அம்மாவ ரெண்டாந்தடவ எடுத்துக் குடுத்த மாதிரி இருக்குது” என்றார்.

அந்தப் படத்தில் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆயின. புரிந்தபோது ஆச்சரியம் என்னவென்றால், அதற்கான அறிவில் பெரும்பகுதி அம்மாயி கையிலேயே இருந்தது. நூலுக்கு எப்போது கஞ்சி போட வேண்டும், ஈரம் ஏறினால் பாவு என்ன செய்யும், எந்தச் சாயம் போகும், எது நிற்கும் என்று அவருக்குத் தெரியும். காகிதமும் பருத்தித் துணியும் ஒரே பொருளின் இரண்டு வடிவங்கள். இரண்டுமே செல்லுலோஸ்.

முதலில் இங்க்ஜெட் படம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பிரிண்டரின் தலையில் முடியைவிடச் சிறிய துளைகள் வரிசையாக உள்ளன. நல்ல போட்டோ பிரிண்டரில் ஒரு துளி மையின் அளவு 4 பிகோலிட்டர் அளவுக்கு இருக்கும், அதைவிடச் சிறிதாகவும் இருக்கும். ஒரு மில்லிலிட்டர் மையை அப்படிப் பிரித்தால் 25 கோடி துளிகள் கிடைக்கும். ஒரு துளியின் விட்டம் சுமார் 20 மைக்ரான், நம் தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. மையைத் துளியாக்கித் தள்ள இரண்டு வழிகள் உண்டு. மின்சாரம் பட்டால் வளையும் ஒரு படிகத்தை வைத்து நெருக்கலாம், இது எப்சன் வழி. அல்லது மையை ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரம் சூடாக்கிக் குமிழி எழுப்பித் தள்ளலாம். இரண்டாவது வழி 1977-இல் கேனான் ஆய்வகத்தில் தற்செயலாகக் கிடைத்தது. மை நிரம்பிய ஊசிமேல் சூடான சால்டரிங் கோல் பட்டுவிட, ஊசி முனையிலிருந்து மை பீச்சியடித்தது. இச்சிரோ எண்டோ என்ற பொறியாளர் அதைக் கண்டு விடாமல் பிடித்துக்கொண்டார்.

அந்த மை துளைக்குள்ளேயே காய்ந்து அடைத்துவிடக் கூடாது. அதற்காகத் தண்ணீரோடு கிளைகால், கிளிசரின் போன்ற மெதுவாக ஆவியாகும் திரவங்களையும் சேர்க்கிறார்கள். அம்மாயி படத்துக்கு நேர்ந்த முதல் கேடு இங்கேதான் ஆரம்பித்தது. அச்சாகி வெளியே வந்த படத்தைத் தொட்டால் காய்ந்திருக்கும். தண்ணீர் உடனே உள்ளே போய்விட்டது, மேற்பரப்பு விரலில் ஒட்டாது. ஆனால் அந்த மெதுவான திரவங்கள் உள்ளேயே இருக்கும். அவை வெளியேற ஒரு நாள், சில காகிதங்களில் அதற்கும் மேல், பிடிக்கும். அதற்குள் கண்ணாடி போட்டு மூடினால், வெளியேறும் ஆவி கண்ணாடியின் உள்பக்கத்தில் படியும். நாங்கள் பார்த்த பனி மழைக்காலத்துப் பனி மட்டுமல்ல, மையின் மிச்சமும்தான். துக்க வீட்டின் அவசரத்துக்கு இங்க்ஜெட் மிகவும் உதவுகிறது. மூன்று மணி நேரத்தில் படம் வந்துவிடுகிறது. காய்வதற்கு மட்டும் அவசரம் தெரியாது. சாவு வீட்டுக்குப் படம் உடனே வேண்டும்தான். அன்றைக்குக் கண்ணாடி இல்லாமல் ஓர் அட்டையில் சாய்த்து வைத்துவிட்டு, காரியம் முடிந்தபின் பிரேம் போட்டுக்கொள்ளலாம்.

காகிதத்துக்கு வருவோம். ஸ்டுடியோக்களில் பளபளவென்று கிடைக்கும் போட்டோ தாளின் நடுவில்தான் காகிதம் இருக்கிறது. அதன் இருபுறமும் மெல்லிய பாலிஎத்திலீன் படலம், நம் பால் கவர் செய்யும் அதே பிளாஸ்டிக். முகப்புப் பக்கத்தில் அதற்கும் மேலே மை வாங்கும் பூச்சு. கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா அல்லது அலுமினா துகள்களை ஒரு பிசினில் குழைத்துப் பூசியிருப்பார்கள். துகள்களுக்கு இடையே உள்ள நுண்துளைகளில் மை இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ஓவியத் தாள் போன்ற பருத்திக் காகிதங்களில் பாலிஎத்திலீன் கிடையாது, பூச்சு நேரடியாகக் காகிதத்தின்மேல் இருக்கும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எதை எதால் ஒட்டலாம் என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது இதுதான்.

மையிலும் இரண்டு வகை. நெசவுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கரைந்து நிற்கும் சாயம் ஒன்று, கரையாமல் தூளாக மிதக்கும் நிறமி மற்றொன்று. சாய மையில் ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனியாக வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் முகம் கொடுத்து நிற்கிறது. ஓர் ஒளித்துகள் மோதி உடைத்தால் அந்த மூலக்கூறின் நிறம் போய்விடும். நிறமி மையிலோ ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே துகளாகக் கட்டிப்போய் இருக்கின்றன. வெளியே உள்ளவை அடிபட்டாலும் உள்ளே உள்ளவை நிறம் காட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் சாய மைப் படங்கள் வெளிறும் இடத்தில் நிறமி மைப் படங்கள் நிற்கின்றன.

காற்று நிறத்தைத் தின்னும் என்பதைப் பலர் நம்புவதில்லை. 2000-ஆம் ஆண்டில் உலகமே அதைப் பார்த்தது. எப்சன் நிறுவனத்தின் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 பிரிண்டர்கள் அப்போது புதிதாக வந்திருந்தன. வெளிச்சத்தில் பல வருடம் நிற்கும் என்று சொல்லப்பட்ட அந்தப் படங்கள், சிலர் வீட்டில் சில வாரங்களிலேயே ஆரஞ்சு நிறமாகிவிட்டன. வேறு சிலர் வீட்டில் ஒன்றும் ஆகவில்லை. வெளிச்சம் காரணமில்லை. காற்றிலிருந்த ஓசோன் அந்த நுண்துளைகள் வழியாகப் புகுந்து நீலச் சாயத்தைச் சிதைத்திருந்தது. நீலம் போனால் மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும், அதாவது ஆரஞ்சு. கண்ணாடிக்குள் இருந்த படங்கள் தப்பின, திறந்து கிடந்தவை மாட்டிக்கொண்டன. ஆக, கண்ணாடி வேண்டும். ஆனால் அது படத்தைத் தொடக் கூடாது. பிரேம் போடும் கலையின் பாதி இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

ஏன் தொடக் கூடாது? ஈரம்தான் காரணம்.

ஈரத்தின் போக்கு நெசவுக்காரர்களுக்குப் பழகியது. நெசவூர்களில் பாவடி என்று ஒரு திடல் இருக்கும். பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, காய வைக்கும் இடம். சேலம் குகையிலும் பாவடி உண்டு. விடிவதற்கு முன்னால், காற்றில் ஈரம் இருக்கும்போதே அங்கே வேலை நடக்கும். வெயில் ஏறிவிட்டால் கஞ்சி சட்டென்று காய்ந்து நூல் விறைக்கும், இழை அறும். மெதுவாகக் காய்ந்தால் கஞ்சி நூலுக்குள் இறங்கி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு இழைகளைப் படிய வைத்துவிடும். மெல்லக் காய வைப்பதற்காகவே அம்மாயி நாலு மணிக்கு எழுந்திருப்பார்.

பருத்தி இழையும் காகித இழையும் தண்ணீரை வாங்கினால் நீளத்தில் அதிகம் மாறாது, பருமனில் ஊதும். இயந்திரத்தில் செய்த காகிதத்தில் பெரும்பாலான இழைகள் தாள் ஓடிய திசையிலேயே படுத்திருக்கும், பாவு நூலைப் போல. அதனால் ஈரம் ஏறினால் தாள் ஒரு திசையில் கொஞ்சமும் குறுக்குத் திசையில் அதிகமும் விரியும். மாசி மாதத்து வறட்டுக் காற்றிலிருந்து ஐப்பசி மழைக்காற்றுக்குப் போகையில் குறுக்கே நூற்றில் அரைப் பங்கு விரிந்தது என்று வைத்துக்கொள்வோம். 40 செ.மீ. படத்தில் அது 2 மி.மீ. நாலு பக்கமும் ஆணியடித்து இறுக்கிய பிரேமுக்குள் அந்த 2 மி.மீ. எங்கே போகும்? முன்னாலும் பின்னாலும்தான் போக வேண்டும். படம் அப்பளம் போல அலையலையாக எழும்பும். எழும்பிய மேடு போய்க் கண்ணாடியில் முட்டும்.

முட்டிய இடத்தில் அடுத்த கட்டம் நடக்கிறது. மழை இரவில் கண்ணாடி சீக்கிரம் குளிரும், அதன் உள்பக்கம் மெல்லிய ஈரம் கோக்கும். பூச்சில் இருக்கும் பிசின் அந்த ஈரத்தில் இளகும். பகலில் காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே காயும். ஓர் இரவில் ஒட்டாது. நூறு இரவுகள் இளகி, நூறு பகல்கள் காய்ந்தால் ஒட்டிவிடும். கண்ணாடி வழுவழுப்பானது, அதனால் ஒட்டிய பரப்பும் இடைவெளியில்லாதது. எங்கள் வீட்டில் எண்ணெய்த் திட்டாகத் தெரிந்தது, காற்று வெளியேறி, படமும் கண்ணாடியும் நேராகச் சேர்ந்த இடம். அந்தக் கட்டத்திலேயே பிரித்திருந்தால் கன்னத்தைக் காப்பாற்றியிருக்கலாம். முற்றிலும் ஒட்டிவிட்டால் இழுக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடுங்கள். முகம் அப்படியே கோப்பில் வந்துவிடும். எங்களுக்கு அன்றைக்கு அது தெரியவில்லை.

கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் இடைவெளி விட மிகப் பழைய, மிக எளிய வழி ஒன்று உண்டு. பிரேம் கடைகளில் மவுண்ட் என்பார்கள், நடுவில் சன்னல் வெட்டிய தடித்த அட்டை. அது அழகுக்காக என்று நினைத்து, விலை கூடுகிறது என்று வேண்டாம் என்றுவிடுகிறோம். உண்மையில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் காற்றை உள்ளே வைத்திருப்பதுதான் அதன் முதல் வேலை. படம் விரிய இடம், ஆவி வெளியேற இடம், கண்ணாடியில் ஈரம் கோத்தாலும் முகத்தில் படாமல் இருக்க இடம்.

அடுத்தது, படத்தைப் பின்னால் எப்படி நிறுத்துவது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

லினேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன் 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். மதுரை, தஞ்சை, திருவரங்கம், புதுக்கோட்டை என்று சுற்றி எடுத்த படங்கள் 1858-இல் தொகுப்புகளாக வந்தன. அவற்றில் ஒன்று இராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும். நம் மண்ணின் முதல் புகைப்படத் தொகுப்புகளில் ஒன்றாக அதைச் சொல்லலாம். அந்தக் காலத்துக் காகிதப் படங்கள் மெல்லியவை, தனியே விட்டால் சுருளும். அட்டையில் ஏற்றினால்தான் நிற்கும். டிரைப் செய்ததிலேயே துணிச்சலானது தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுப் படம். எழுத்துகள் வரிசையாக ஓடும் அந்தச் சுவரைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று சேர்த்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக்கினார். ஒரு மேகம் போனால் வெளிச்சம் மாறும். ஒவ்வொரு தாளும் ஈரத்தில் தனக்குத் தோன்றிய அளவு விரியும். ஒட்டிய இடத்தில் எழுத்து எழுத்தோடு சேர வேண்டும். 1858-இல் பிளாஸ்டிக் டேப் இல்லை, செயற்கைப் பசையும் இல்லை. அன்றைய உலகத்துக்குத் தெரிந்த பசைகள் மாவு, மரப்பிசின், விலங்குத் தோலிலிருந்து எடுத்த வச்சிரம். அவற்றால் அட்டையேறிய படங்களை இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்க முடிகிறது.

இன்றைய பிரேம் கடையில் பார்ப்பது வேறு. பின்னால் ஹார்டுபோர்டு அல்லது எம்.டி.எஃப் பலகை. அதன்மேல் இரட்டைப் பக்க டேப்பையோ தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையையோ போட்டுப் படத்தை முழுக்க அழுத்திவிடுகிறார்கள். அப்போதைக்குப் படம் பலகை போல நேராக நிற்கும், வாங்குகிறவருக்குத் திருப்தி. அந்தப் பலகைகளில் மரத்தின் லிக்னின் இருக்கிறது, சிலவற்றில் பார்மால்டிஹைடு விடும் பிசினும் இருக்கிறது. அவை மெல்ல அமிலத்தைக் கசியவிட்டு, தொட்ட காகிதத்தைப் பழுப்பாக்கும். பழைய செய்தித்தாள் மஞ்சளாவதும் இதே வழியில்தான். சாதாரண டேப்பின் கதை இன்னும் மோசம். அதன் ரப்பர் பசை முதலில் இளகிக் கசியும், பிறகு ஆக்ஸிஜனோடு சேர்ந்து பழுத்துக் காய்ந்து உதிரும். டேப் விழுந்துவிடும், கறை போகாது. வெள்ளைப் பசை உதிர்வதில்லை. அது பிரிக்கவே விடாது.

பெரிய இடத்திலும் இதே சிக்கல் உண்டு. படத்தின் முகத்தையே தெளிவான அக்ரிலிக் பலகையில் சிலிக்கோனால் ஒட்டும் முறைக்கு 1969-இல் ஸ்விட்சர்லாந்தில் காப்புரிமை எடுத்தார்கள். டயாசெக் என்று பெயர். படத்துக்கும் பலகைக்கும் நடுவில் காற்றே இல்லாததால் நிறங்கள் தண்ணீருக்குள் இருப்பதுபோல ஆழமாகத் தெரியும். ஜெர்மானியர் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி எடுத்த ரைன் நதிப் படம் ஒன்று அக்ரிலிக்கில் ஏற்றப்பட்டது. 2011-இல் அது 43 லட்சம் டாலருக்கு விலைபோனது. அது இங்க்ஜெட் இல்லை, பழைய ரசாயன முறை வண்ணப் படம். ஆனாலும் கேள்வி ஒன்றுதான். அந்த அக்ரிலிக்கில் கீறல் விழுந்தால் படத்தை மட்டும் எடுத்து வேறு பலகைக்கு மாற்ற வழியில்லை. பலகையும் படமும் ஒரே உயிராகிவிட்டன. கண்கவரும் முறைதான், மறுக்கவில்லை. வீட்டில் ஒரே ஒரு படமாக இருக்கும் பாட்டியின் முகத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இலேயே பழம்பொருள் பாதுகாப்புக்கென்று ரசாயன ஆய்வகம் தொடங்கினார்கள். எஸ். பரமசிவன் அதை நடத்தினார். வெண்கலச் சிலைகளையும் தஞ்சைச் சுவரோவியங்களையும் ஆராய்ந்தவர் அவர். அப்படிப்பட்ட ஆய்வகங்களில் இன்று உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி ஒன்றுண்டு. பழம்பொருளின்மேல் நீ செய்யும் எதையும் பின்னால் வருபவர் பொருளுக்குச் சேதமில்லாமல் எடுத்துவிட முடிய வேண்டும். படம் ஒட்டுவதற்கும் இதே விதிதான். நன்றாக ஒட்டுகிற பசையைவிட, கேட்டால் விடுகிற பசைதான் நல்ல பசை.

அப்படிப்பட்ட பசை கஞ்சி.

உலக அருங்காட்சியகங்களில் காகிதப் படங்களைப் பொருத்தப் பயன்படுவது கோதுமை ஸ்டார்ச்சில் காய்ச்சிய பசை. ஜப்பானியர் பல நூற்றாண்டுகளாகச் சுருள் ஓவியங்களுக்கு அதைப் பயன்படுத்திவருகிறார்கள். சில வேலைகளுக்குப் பத்து வருடம் வரை ஜாடியில் வைத்துப் பழுக்கவிட்ட பசைகூட உண்டு. அதைச் செய்யும் முறையைக் கேட்டால் நம் வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். கோதுமையை ஊற வைத்து அரைத்துப் பால் எடுத்து, அடியில் தங்கும் வெள்ளையை எடுத்துக்கொள்ள வேண்டும். அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுப்பது அப்படியே இதுதான். மேலே மிதக்கும், சக்கையில் நிற்கும் புரதத்தை விலக்குவதுதான் நோக்கம். புரதம் பசையில் இருந்தால் விறைக்கும், மஞ்சளாகும், பூஞ்சையையும் இராமபாணப் பூச்சியையும் கூப்பிடும். மைதாவைக் காய்ச்சிச் சுவரொட்டி ஒட்டுகிறோமே, அதில் புரதம் அப்படியே இருக்கிறது. புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள். பூச்சி வராதுதான். ஆனால் அதிலுள்ள தாமிரம் காகிதத்தின் செல்லுலோஸ் சிதைவதை வேகப்படுத்தும். படத்துக்கு அது வேண்டாம்.

ஸ்டார்ச் ஏன் ஒட்டுகிறது? மாவுமணிக்குள் குளுக்கோஸ் சங்கிலிகள் இறுகச் சுருண்டு கிடக்கின்றன. தண்ணீரில் 60, 70 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் மணி ஊதி வெடித்து, சங்கிலிகள் விரியும். காகிதமும் குளுக்கோஸ் சங்கிலிதான், சற்று வேறு விதமாகக் கோத்தது. காயும்போது இரண்டு சங்கிலிகளும் ஹைட்ரஜன் பிணைப்புகளால் கைகோத்துக்கொள்ளும். ஒவ்வொரு பிணைப்பும் பலவீனமானது, எண்ணிக்கையில்தான் பலம். ஈரம் தந்தால் தண்ணீர் மூலக்கூறுகள் நடுவில் புகுந்து கைகளை விலக்கிவிடும். நெய்து முடித்த துணியை அலசினால் கஞ்சி போய்விடுவது இதனால்தான். அன்றைய நெசவுக்காரர் நூலுக்குக் கஞ்சியைத் தேர்ந்தெடுத்ததற்கும், இன்றைய அருங்காட்சியகம் படத்துக்குக் கஞ்சியைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் ஒன்றே. வேலை முடியும்வரை பிடிக்க வேண்டும், போ என்றால் போக வேண்டும்.

ஸ்டார்ச்சுக்கு எங்கள் பக்கம் பஞ்சமே இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டுச் சவ்வரிசி வருவது நின்றுபோக, மரவள்ளியிலிருந்து அதைச் செய்யும் தொழில் சேலத்தில் வேர்பிடித்தது. அந்த ஆலைகளுக்காக 1981-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம்தான் சேகோசர்வ். இராசிபுரம், ஆத்தூர்ப் பக்கம் போனால் களத்தில் காயும் வெள்ளை மாவைப் பார்க்கலாம். அந்த மரவள்ளி மாவிலும் பசை காய்ச்சலாம். கோதுமையைவிட அது இழுவையாக, நூல் நூலாக வரும், தூரிகையில் அடங்காது. நான் இரண்டையும் காய்ச்சிப் பார்த்தேன். அட்டையை அட்டையோடு ஒட்ட மரவள்ளிப் பசை நன்றாக இருக்கிறது. மெல்லிய காகிதத்துக்குக் கோதுமைதான்.

ஒரு பங்கு ஸ்டார்ச்சுக்கு நாலைந்து பங்கு தண்ணீர் விட்டுச் சிறு தீயில் அரை மணி நேரம் கைவிடாமல் கிண்ட வேண்டும். வெள்ளையாக இருப்பது கண்ணாடி போலத் தெளியும். ஆறிய பிறகு துணியில் வடிகட்டி, தயிர்ப் பதத்துக்குத் தளர்த்திக்கொள்ளலாம். இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும், அதனால் வேண்டிய அளவு மட்டும் காய்ச்சுங்கள்.

இந்த இடத்தில் அவசரப்பட்டு அந்தப் பசையைப் படத்தின் முதுகில் பூசிவிடாதீர்கள். ஸ்டுடியோ தாளின் முதுகில் பாலிஎத்திலீன் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அதில் கஞ்சி ஒட்டாது. பருத்திக் காகிதத்தில் ஒட்டும், ஆனால் ஈரம் அதிகமானால் சாய மை கசிந்து பரவும். பருத்திக் காகிதப் படமாக இருந்தால், நீள இழையுள்ள மெல்லிய கைக்காகிதத்தில் இரண்டு சிறு பட்டைகள் கிழித்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கக் கூடாது, கிழித்தால்தான் ஓரத்து இழைகள் மெல்லப் படியும். பசை தடவி அரைகுறையாகக் காய்ந்தபின் படத்தின் மேல் ஓரத்தில் மட்டும் கீல் போல ஒட்டுங்கள். மற்ற மூன்று ஓரமும் சும்மா தொங்கட்டும், ஈரத்தில் விரியட்டும், வெயிலில் சுருங்கட்டும். அந்தப் பட்டை படத்தைவிடப் பலவீனமாக இருக்க வேண்டும். பிரேம் கீழே விழுந்தால் பட்டை கிழியும், படம் தப்பும். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் கம்பி செய்கிற வேலையை அது செய்கிறது.

நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது பளபளப்பான ஸ்டுடியோ படம்தான். அதற்கு மூலைப் பைகள் போதும். பழைய ஆல்பங்களில் கறுப்புத் தாளில் முக்கோணமாக ஒட்டியிருப்பார்களே, அவையேதான். நல்ல வெள்ளைத் தாளை மடித்து நாலு முக்கோணப் பை செய்து, அமிலமில்லாத பருத்தி அட்டையில் கஞ்சியால் ஒட்டுங்கள். படத்தின் மூலைகளை அந்தப் பைகளுக்குள் செருகி, ஒவ்வொரு பக்கமும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள். மேலே சன்னல் மவுண்ட் வைத்தால் பைகள் மறைந்துவிடும். அட்டையில் பசை இருக்கிறது, பையில் இருக்கிறது, படத்தில் ஒரு சொட்டும் இல்லை.

கேன்வாஸில் அச்சிட்டுச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவதும் இப்போது பரவியிருக்கிறது. நெசவூர்க்காரர்களுக்கு அதன் இயல்பு எளிதில் பிடிபடும், அது பாவும் ஊடையும்தானே. ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்தால் கோணும். நாலு பக்கமும் நடுவில் முதல் பின் அடித்து, அங்கிருந்து ஓரத்துக்குப் போக வேண்டும். மடிக்கும் விளிம்பில் மைப்பூச்சு வெடிக்கும், அதனால் முகம் விளிம்புக்குப் பக்கத்தில் வராமல் அச்சிடச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சுவர். பழைய வீடுகளில் படங்களை உச்சியில் கயிறு கட்டி, கீழே கட்டை கொடுத்து, முன்னால் சாய்த்து மாட்டியிருப்பார்கள். படத்துக்குப் பின்னால் குருவி கூடு கட்டும் அளவுக்கு இடம் இருக்கும். இப்போது சுவரோடு சுவராக ஒட்டி மாட்டுவதுதான் நாகரிகம். பழைய முறையே சரி என்று நான் நினைக்கிறேன். சாய்வு இருந்தால் எதிர்ச் சன்னலின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கண்ணில் அடிக்காது, தூசி முகப்பில் தங்காது. பின்னால் காற்று ஓடுவதால் சுவரின் ஈரம் பலகைக்கு ஏறாது. மழைக்குப் பிறகு சுவரைத் தொட்டுப் பார்த்தால் தெரியும், அது எவ்வளவு தண்ணீரை வைத்திருக்கிறது என்று. சாய்க்க விருப்பமில்லை என்றால், கீழ் மூலைகளில் இரண்டு பாட்டில் கார்க் துண்டுகளையாவது ஒட்டுங்கள், விரல் அகலம் இடைவெளி கிடைக்கும். கிழக்குச் சன்னலுக்கு நேர் எதிர்ச் சுவர் வேண்டாம். படத்தின் அடியிலேயே விளக்கு வைத்தால் புகைக்கரியும் சூடும் ஏறும், ஓர் அடி தள்ளி வையுங்கள். பூமாலையை வாடுவதற்கு முன் எடுத்துவிடுங்கள், அதுவும் ஈரம்தான்.

வெண்ணந்தூர் போன்ற நெசவூர்களுக்கே உரிய தொல்லைகள் இரண்டு. விசைத்தறி ஓடும் வீட்டில் சுவர் நாள் முழுக்க அதிர்ந்துகொண்டே இருக்கும். ஆணி தளரும், படம் உள்ளே நகர்ந்து உரசும். இரண்டு ஆணியில் மாட்டினால் கோணாது. பறக்கும் பஞ்சு இரண்டாவது. பலகையின் இடுக்கு வழியாக உள்ளே போய்ப் படியும் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இராமபாணத்துக்குத் தீனியும் ஆகும். பிரேமின் முதுகு ஓரங்களைக் காகிதப் பட்டையால் மூடி ஒட்டிவிட வேண்டும். மறுபடி அதே கஞ்சிதான்.

அம்மாயியின் ஸ்கேன் கோப்பு ஸ்டுடியோவில் இல்லை. மாமாவின் கல்யாண ஆல்பம் இருந்தது. அதிலிருந்து மறுபடி எடுத்தோம். இந்த முறை நீல வானம் வைக்கவில்லை, பந்தி இலையும் பக்கத்தில் இருப்பவரின் தோளும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம். நிறமி மையில் அச்சிட்டு, இரண்டு நாள் வெள்ளைத் தாளுக்கு நடுவில் ஆறப்போட்டு, மூலைப் பைகளில் செருகி, மவுண்ட் வைத்துக் கண்ணாடி போட்டேன். வேலை முடிந்ததும் பின்பலகையை அம்மாவிடம் கொடுத்து எழுதச் சொன்னேன். பெயர், ஊர், யார் கல்யாணம், எந்த வருடம் என்று பென்சிலில் எழுதினார்.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தினர் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி மின்பிரதி எடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட தேடல் நாளை உங்கள் வீட்டுக்கும் வரலாம். உங்கள் பேரப்பிள்ளைகளே ஒருநாள் அந்தப் பிரேமைக் கழற்றிப் பார்க்கலாம். படத்தில் இருப்பது யார் என்று தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே, பின்பலகையில் எழுதி வைத்துவிடுங்கள்.